தூசி எண்ணிய துரை

அலை எண்ணும் அதிகாரியின் கதை தெரியாதவர்கள் நம் பக்கம் குறைவு. எந்த இலாகாவில் போட்டாலும் கையூட்டு வாங்குகிறான் என்று சலித்துப்போன ராஜா, அவனைக் கடற்கரைக்கு மாற்றி ‘அலைகளை எண்ணு’ என்று உத்தரவு போட்டாராம். மறுநாளே அவன் மேசை, பேரேடு, சேவகன் சகிதம் மணலில் உட்கார்ந்துவிட்டான். கரைக்கு வந்த படகையெல்லாம் மறித்து, ‘உன் படகு என் அலையைக் கலைத்துவிட்டது, கணக்குப் பிசகிப்போச்சு, எடு அபராதத்தை’ என்றானாம்.

எல்லாரும் சிரிப்பது லஞ்சத்தை நினைத்து. எனக்கு உறுத்துவது வேறு. அந்த ஆள் கடைசிவரை ஓர் அலையைக்கூட எண்ணவில்லை. அவனுக்குப் பதில், சொன்னதைச் சொன்னபடி செய்கிற அப்பாவி ஒருவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால்? லஞ்சம் கிடையாது, உத்தரவு போட ராஜா கிடையாது, சம்பளம்கூடக் கிடையாது, ஆனாலும் எண்ணிக்கொண்டே இருக்கிறான் என்றால்? அப்படி ஒருவர் இருந்தார். எண்ணியது அலையை அல்ல, தூசியை. ஊர் ஸ்காட்லாந்தின் ஃபால்கிர்க். பெயர் ஜான் எய்ட்கன்.

1839இல் பிறந்தவர். அப்பா வக்கீல், வசதியான குடும்பம். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்தார்; பின்னாளில் கெல்வின் பிரபு ஆகப்போகிற வில்லியம் தாம்சனிடம் பாடம் கேட்டார். பிறகு நேப்பியர் கப்பல் கட்டும் நிறுவனத்தில் என்ஜினியர் பயிற்சி. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. உடம்பு படுத்தியது. வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். அதற்கப்புறம் 1919இல் கண்ணை மூடும்வரை எந்த உத்தியோகத்துக்கும் போகவில்லை. வீட்டிலேயே ஒரு பட்டறை, ஒரு ஆய்வுக்கூடம்; கருவிகளையும் தானே செய்துகொள்வார்.

நம் ஊரில் இப்படிப்பட்டவருக்குப் பெண் கேட்டுப் போனால் பேச்சு எப்படிப் போகும் என்று தெரியும்.

“பையன் என்ன பண்றார்?”

“வீட்டுலதான் இருக்கார்.”

“சரி, வீட்டுல இருந்துக்கிட்டு?”

“காத்துல எத்தனை தூசி இருக்குன்னு எண்றார்.”

நீட்டிய காபித் தம்ளர்கள் வந்த வேகத்தில் உள்ளே திரும்பிப் போகும்.

ஃபால்கிர்க் இரும்பு வார்ப்பட ஆலைகளின் ஊர். பக்கத்திலேயே கேரன் இரும்பாலை. ஒரு வகைப் பீரங்கிக்கே தன் பெயரைக் கொடுத்த ஆலை. தூசி ஆராய்ச்சிக்கு அதைவிடத் தோதான ஊர் அமையாது. கன்னியாகுமரியில் உட்கார்ந்து சூரியோதயத்தை ஆராய்வது மாதிரி.

ஆனால் விஷயத்தை முதலில் கண்டுபிடித்தவர் எய்ட்கன் இல்லை. பிரான்சில் ராணுவ மருந்தியல்காரர் ஒருவர் இருந்தார், பால் ழான் கூலியே. 1875இல் அவர் ஒரு கண்ணாடிக் குடுவையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அதன் வாயில் ரப்பர் பந்து ஒன்றைப் பொருத்தி, அமுக்கி அமுக்கி விட்டுப் பார்த்தார். பந்தை விட்டதும் உள்ளே காற்று விரிகிறது, குளிர்கிறது, பனிமூட்டம் போல ஒரு வெண்மை எழுகிறது. கோலி சோடாவை உடைத்ததும் கழுத்தில் ஒரு நொடி புகை போல எழுமே, அதே சமாசாரம். சோடாக் கடையில் நூறு தடவை பார்த்திருப்போம். பன்னீர் சோடாவா, சாதா சோடாவா என்பதைத் தாண்டி நம் சிந்தனை போனதில்லை.

கூலியேவுக்குப் போனது. அதே குடுவையை நன்றாகக் குலுக்கி அப்படியே வைத்துவிட்டு, பிறகு பந்தை அமுக்கினால் மூட்டம் வரவில்லை. காற்றைப் பஞ்சில் வடிகட்டி உள்ளே விட்டாலும் வரவில்லை. வடிகட்டாத காற்றைக் கொஞ்சம் விட்டால் உடனே வந்துவிடுகிறது. ஆக மூட்டத்துக்குத் தண்ணீர் மட்டும் போதாது, காற்றில் மிதக்கும் ஏதோ ஒன்று வேண்டும். இவ்வளவையும் கண்டுபிடித்து ஒரு மருந்தியல் பத்திரிகையில் அச்சிட்டுவிட்டு மனிதர் நகர்ந்துவிட்டார். வானிலைக்காரர்கள் மருந்தியல் பத்திரிகை படிப்பார்களா? படிக்கவில்லை. எய்ட்கனும் படிக்கவில்லை. அதே உண்மையைத் தனியாகக் கண்டுபிடித்து 1880 டிசம்பரில் எடின்பரோ ராயல் சொசைட்டியில் வாசித்தார். கூலியே முந்திக்கொண்டது தெரிய வந்ததும், முதலில் கண்டது அவர்தான் என்று ஒப்புக்கொண்டார். யார் முந்தி என்ற வழக்கில் விஞ்ஞானிகள் எப்படியெல்லாம் குடுமிப்பிடிச் சண்டை போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு அபூர்வம் என்பதும் தெரியும்.

எய்ட்கன் செய்தது எளிமையான சோதனை. இரண்டு பெரிய கண்ணாடிப் பாத்திரங்கள். ஒன்றில் சாதாரண காற்று, மற்றதில் பஞ்சில் வடித்த காற்று. இரண்டிலும் கொதிகலனிலிருந்து நீராவியை விட்டார். முதலாவது இட்லிக் கொப்பரையைத் திறந்த மாதிரி வெள்ளையாக நிறைந்தது. இரண்டாவது ஒன்றுமே நடக்காதது போலப் பளிச்சென்று இருந்தது. நீராவி உள்ளேதான் இருக்கிறது, ஆனால் துளியாக மாட்டேன் என்கிறது.

ஏன் மாட்டேன் என்கிறது? இதற்கு வாத்தியார் தாம்சன் 1871இலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தார். வளைந்த நீர்ப்பரப்பிலிருந்து தண்ணீர் சுலபமாகத் தப்பித்துப் போகும். துளி எவ்வளவு சிறிதோ வளைவு அவ்வளவு அதிகம். அதனால் பிறந்த குழந்தைத் துளி பிறந்த கணமே ஆவியாகிவிடும். பெரிதானால் பிழைக்கும், பிழைத்தால்தான் பெரிதாகும். நம் ஊர்ப் பேருந்து நிலையத்தில் இதற்குத் தீர்வு ஏற்கெனவே இருக்கிறது. கூட்டத்தோடு முட்டி மோதி ஏறி இடம் பிடிக்க முடியாது. ஜன்னல் வழியே முதலில் துண்டைப் போட வேண்டும். நீராவிக்குத் துண்டு போட்டு இடம் பிடித்துத் தருவது தூசி. துளி பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. தூசியின் மேல் ஏறி உட்கார்ந்து, முதல் நாளே வளர்ந்த பிள்ளையாகப் பிறக்கிறது.

தூசி மட்டும் இல்லாவிட்டால் உலகம் என்ன கதி ஆகும் என்பதையும் எய்ட்கன் யோசித்துப் பார்த்தார். மூடுபனி இராது, மேகம் இராது, அநேகமாக மழையும் இராது. அப்படியானால் சௌகரியம்தானே என்றால், இல்லை. காற்றில் மிதமிஞ்சிய ஈரம் எங்காவது படிந்தாக வேண்டும். புல், மரம், வீட்டுச் சுவர் எல்லாம் சொட்டும். நம் சட்டையில் நேராக வந்து படியும். குடை பிடித்துப் பயனில்லை, ஏனென்றால் மழை மேலிருந்து வரவில்லை, நாம்தான் மழை. வீட்டுக்குள் ஓடினால் அங்கும் சுவர் வழியும். தூசி தட்டுவதே பிறவிப் பயன் என்று வாழ்கிற இல்லத்தரசிகள் இந்தப் பகுதியைப் படிக்காமல் தாண்டிவிடலாம்.

லண்டன்காரர்களுக்கு எய்ட்கன் சொன்ன சேதிதான் இன்னும் கசப்பு. அவர்கள் நிலக்கரிப் புகையை ஒழித்துவிட்டால் மூடுபனி ஒழிந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். இவர் கந்தகத்தை எரித்துப் பார்த்தார், உப்பைச் சூடாக்கிப் பார்த்தார், துளியூண்டு இரும்புக் கம்பியைக்கூடக் காய்ச்சிப் பார்த்தார். எல்லாமே மூட்டம் கிளப்பின. புகையே தெரியாமல் சுத்தமாக எரிகிற நெருப்பும் கிளப்பியது. கண்ணுக்குத் தெரிகிற கரிக்கும் மேகத்துக்கும் சம்பந்தமே வேண்டியதில்லை. அடுப்பைச் சுத்தமாக எரித்தால் மூடுபனி வெள்ளையாக இருக்கும், அவ்வளவுதான். கறுப்புப் பேயை விரட்டி வெள்ளைப் பேயைக் குடிவைக்கிற யோசனைக்கு எந்த ஊர் கைதட்டும்?

தூசி வேண்டும் என்று நிரூபித்தாயிற்று. அத்தோடு விட்டிருந்தால் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியோடு போயிருக்கும். எய்ட்கனுக்கு அடுத்த கேள்வி வந்தது: எத்தனை?

இங்கேதான் அந்த மனிதரின் கெட்டிக்காரத்தனம். காற்றில் மிதக்கும் அந்தத் துகள்கள் அன்றைய எந்த நுண்ணோக்கிக்கும் பிடிபடாத அளவு பொடி. பார்க்கவே முடியாததை எண்ணுவது எப்படி? ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு நீர்த்துளியை ஏற்றிவிட்டால் துளியை எண்ணலாமே! கல்யாண வீட்டில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று ஆளை எண்ணாமல் இலையை எண்ணுவோமே, அதுதான்.

கருவி இப்படி: ஒரு சின்ன அறை, உள்ளே ஈரமான ஒற்றுத்தாள். அடியில் மெருகேற்றிய வெள்ளித் தகடு. அதில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள், கட்டம் போட்ட கணக்கு நோட்டு மாதிரி. தகட்டுக்கு மேலே சரியாக ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் கண்ணாடி மூடி. பக்கத்தில் ஒரு பம்பு. பம்பை இழுத்தால் காற்று விரிந்து குளிரும், துளிகள் பிறக்கும், சின்னஞ்சிறு மழையாக வெள்ளித் தகட்டில் விழும். பூதக்கண்ணாடி வைத்துக் கட்டத்துக்குக் கட்டம் எண்ணவேண்டியது. ஒரு கட்டத்தின் மேல் நிற்கிற காற்று ஒரு கன சென்டிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு. கட்டத்தில் சராசரியாக 5 துளி என்றால் கன சென்டிமீட்டருக்கு 500.

ஊர்க் காற்றை நேராக விட்டால் கட்டத்தில் துளிகள் தேர்த்திருவிழாக் கூட்டம் போல அப்பிக்கொள்ளும், எண்ண முடியாது. அதனால் கொஞ்சூண்டு காற்றை எடுத்து, பஞ்சில் வடித்த சுத்தக் காற்றை ஏகமாகக் கலந்து, பால்காரர் பாலில் செய்வதைக் காற்றில் செய்துவிட்டு, கடைசியில் அந்த விகிதத்தால் பெருக்கிக்கொள்வார். பால்காரருக்கும் இவருக்கும் வித்தியாசம், இவர் எவ்வளவு கலந்தார் என்பதை எழுதி வைத்தார்.

1888இல் முதல் கணக்குகள் வெளிவந்தன. ஒரு கன சென்டிமீட்டர், அதாவது தாயக்கட்டை அளவுகூட இல்லாத காற்றில்: மழை பெய்யும்போது வெளியே 32,000. மழை இல்லாதபோது 1,30,000. அறைக்குள் 18,60,000. அதே அறையில் கூரையருகே 54,20,000. பன்சன் வாயு விளக்கின் சுடர் மேலே 3 கோடி. சிகரெட் பிடிக்கிறவர் ஒவ்வொரு இழுப்புக்கும் ஏறக்குறைய 400 கோடித் துகள்களைக் காற்றுக்குத் தானம் செய்கிறார் என்றும் ஒரு கணக்குச் சொன்னார். இன்றைக்கு அதை அட்டைப்பெட்டியில் அச்சிட்டால் பயப்படுவதைவிடப் பெருமைப்படுகிறவர்கள்தான் அதிகம் இருப்பார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு வேறொன்று. எடின்பரோ ராயல் சொசைட்டியின் கூட்ட அறையிலேயே மனிதர் கருவியை நீட்டிவிட்டார். கூட்டம் தொடங்குமுன் ஆள் உட்காரும் உயரத்தில் 2,75,000. கூரையருகே 30 லட்சம். கூட்டம் முடிந்ததும் கீழே 4 லட்சம். மேலே 35 லட்சம். ஸ்காட்லாந்தின் மூளைகள் அத்தனையும் ஒரு மாலைப்பொழுது பேசித் தீர்த்ததில் உலகத்துக்கு நிகர லாபம் எவ்வளவு என்று எண்ணிக்கையாகச் சொன்ன ஒரே கூட்ட அறிக்கை அநேகமாக இதுதான். வாயு விளக்குகள்தான் காரணம் என்று விளக்கம் சொல்லலாம். சொல்லட்டும். கருத்தரங்குகளில் பின்வரிசையில் உட்கார்ந்து பழகிய எனக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை.

உடம்பு முடியாதவர் என்பதால் குளிர்காலத்தில் பிரான்சின் தென்கடற்கரைக்கு ஓய்வெடுக்கப் போவார். நல்ல காற்று வாங்க என்று டாக்டர்கள் அனுப்பினால், இவர் வாங்கிய காற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தார். கான் நகரில் 1,550இலிருந்து 1,50,000 வரை. காற்று ஊர்ப் பக்கமிருந்து அடித்தால் ஏறும், வேறு பக்கம் திரும்பினால் இறங்கும். ஈயேரில் எண்ணினார், மான்டனில் எண்ணினார். சுவிட்சர்லாந்தின் ரிகி மலை உச்சியில், 1,800 மீட்டர் உயரத்தில், மற்றவர்கள் ஆல்ப்ஸ் சூரியோதயத்துக்காகக் கம்பளி போர்த்திக்கொண்டு கிழக்கே பார்த்துக் காத்திருக்கையில், இவர் குனிந்து தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்: 210 முதல் 2,350 வரை.

1889இல் பாரிஸில் ஐஃபெல் கோபுரம் புத்தம்புதிதாக நிற்கிறது. உலகமே திரண்டு வந்து, ஏறி, பாரிஸைப் பார்த்து வாயைப் பிளக்கிறது. எய்ட்கனும் ஏறினார், தூசிப் பெட்டியோடு. உச்சியில் ஒரே நாளில் 226இலிருந்து 1,04,000 வரை ஊசலாடியது. ஊர்ப் புகை குமிழ் குமிழாக மேலேறி வருவதும், இடையிடையே மேலிருந்து சுத்தக் காற்று இறங்குவதும் அந்த எண்களில் அப்படியே தெரிந்தது. 300 மீட்டர் உயர இரும்புக் கோபுரத்தைக் கட்டியவர்களுக்குத் தாங்கள் ஒரு தூசி ஏணியைக் கட்டியிருக்கிறோம் என்பது தெரிந்திருக்காது.

பனித்துளி கதையையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மனிதரின் குணம் முழுதாகப் பிடிபடாது. பனி வானத்திலிருந்து இறங்குகிறது என்று ஊர் நம்பிக்கொண்டிருந்தபோது, 1885 வாக்கில் இவர் ராத்திரி தோட்டத்தில் தட்டுகளைப் புல்மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, காலையில் தூக்கிப் பார்த்தார். தட்டுக்கு உட்பக்கம் ஈரம். பனியில் பெரும்பகுதி மண்ணிலிருந்தே மேலே வருகிறது என்றார். நடுராத்திரியில் தோட்டத்தில் தட்டு கவிழ்க்கிறவரை அக்கம்பக்கத்தார் என்ன நினைத்தார்களோ.

இனி மலைக்குப் போவோம். பிரிட்டனிலேயே உயரமான மலை பென் நெவிஸ், 1,345 மீட்டர். அதன் உச்சியில் வானிலை நிலையம் கட்ட வேண்டும் என்று ஸ்காட்லாந்து வானிலைச் சங்கம் ஆசைப்பட்டது, கையில் காசில்லை. கிளெமென்ட் ராக் என்பவர் ‘நான் தினமும் ஏறி அளந்து தருகிறேன்’ என்று முன்வந்தார். 1881 ஜூன் முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை தினசரி, நாயையும் கூட்டிக்கொண்டு ஏறினார். ‘கிளெமென்ட்’ என்றால் ஆங்கிலத்தில் சாந்தமான வானிலை, ‘ராக்’ என்பது கந்தல் போல ஒலிக்கும்; ஊரார் அதைத் திருப்பிப்போட்டு ‘சீற்றக் கந்தல்’ என்று ஆக்கிவிட்டார்கள். அடுத்த ஆண்டு தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். 1883இல் நிலையம் கட்டி முடித்ததும், தலைமைப் பதவிக்கு மனுப் போட்ட ராக்கை விட்டுவிட்டு வேறொருவரை நியமித்தார்கள். பதக்கம் ஒருத்தருக்கு, பதவி இன்னொருத்தருக்கு. இந்த வழக்கம் அங்கும் உண்டு. ராக் கோபித்துக்கொண்டு ஆஸ்திரேலியா போனார். அங்கே குவீன்ஸ்லாந்தின் வானிலை அதிகாரியாகி, புயல்களுக்கு அரசியல்வாதிகளின் பெயரை வைத்துப் பழி தீர்த்துக்கொண்டார். அவரிடம் திரும்ப வருவேன்.

எய்ட்கன் 1889இல் அந்த மலையுச்சியிலும் எண்ணினார்: 335 முதல் 473. அடுத்த ஆண்டு அவருடைய கருவியே நிலையத்தில் நிரந்தரமாகக் குடியேறியது. குளிர்காலத்தில் பனி வாசலை மூடிவிடும், கோபுரத்தின் வழியாகத்தான் வெளியே வர முடியும். தின்பதற்கு டப்பா உணவு. போதாக்குறைக்கு இப்போது தூசி எண்ணும் வேலையும் சேர்ந்தது.

1894 செப்டம்பரில் விடுமுறையில் போன ஆள் ஒருவருக்குப் பதிலாக இரண்டு வாரம் அங்கே தங்க வந்தான் ஓர் இளைஞன். செம்மறி ஆட்டுப் பண்ணைக்காரரின் மகன், சி.டி.ஆர். வில்சன். காலை வெயிலில் தன் நிழல் கீழே மேகத்தின்மேல் விழுவதையும், அதைச் சுற்றி நிற வளையங்கள் நிற்பதையும் பார்த்தான். தலையைச் சுற்றி ஒளிவட்டம் என்றால் நம்மில் பலர் அங்கேயே மடம் தொடங்கியிருப்போம். வில்சன் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பி, அந்த மேகத்தைக் கண்ணாடிக்குள் செய்து பார்க்கிறேன் என்று 1895இல் உட்கார்ந்தார்.

செய்ததும் எய்ட்கன் வித்தைதான்: ஈரக் காற்றை விரித்தல். ஆனால் ஒரு படி மேலே போனார். தூசி முழுவதையும் வெளியேற்றிவிட்டு, இன்னும் பலமாக விரித்தார். தூசி இல்லையே, ஒன்றும் வராதே? நீராவி சாதாரண அளவைப்போல் நான்கு மடங்கு செறிந்ததும் சில துளிகள் விழுந்தன. எட்டு மடங்கு வாக்கில் மூட்டமே எழுந்தது. எக்ஸ் கதிர் பாய்ச்சினால் துளிகள் கொட்டின. தூசிக்குப் பதில் மின்னூட்டம் பெற்ற அணுக்களே துண்டு போட்டு இடம் பிடித்துக்கொண்டிருந்தன. 1911இல் அந்த அறைக்குள் பாய்ந்த துகள்களின் பாதையையே வெண்ணிறக் கோடுகளாகப் புகைப்படம் எடுத்துவிட்டார். அணுவின் உள்விவகாரங்களை உலகம் முதன்முதலில் கண்ணால் பார்த்தது, மேகம் செய்யப்போன ஆளின் சோடா பாட்டிலில்தான். 1927இல் நோபல் பரிசு, இயற்பியலுக்கு.

கண்ணாடி ஊதுவதும் தேய்ப்பதும் வில்சனே. ரூதர்ஃபோர்டு ஒரு தடவை ஊருக்குப் போகுமுன் விடைபெற வந்தபோது வில்சன் ஒரு கண்ணாடி இணைப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாராம். மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தபோதும் அதே கண்ணாடியை அதே மாதிரி தேய்த்துக்கொண்டிருந்தாராம். விஞ்ஞானிகள் ஒருவரைப் பற்றி ஒருவர் சொல்லும் கதை. உண்மையோ பொய்யோ, பொறுமையில் எய்ட்கனுக்கு வாரிசு என்பதில் சந்தேகமில்லை.

இப்போது தேங்காய் உடைக்கிற மாதிரி ஒரு விஷயத்தைப் போட்டு உடைக்க வேண்டும். எய்ட்கன் எண்ணியது மேகத்துக்கு உதவாத கணக்கு.

ஆமாம். அவருடைய பம்பு காற்றை விரித்த வேகத்தில் நீராவி சாதாரண அளவுக்குமேல் நூற்றுக்கணக்கான சதவீதம் செறிந்துவிடும். அந்தக் கெடுபிடியில் எவ்வளவு பொடித் துகளும் துளியாகிவிடும். நிஜ மேகத்தில் அந்த மிகுதி ஒரு சதவீதத்தைத் தாண்டுவதே அரிது. அங்கே பெரிய துகளோ, தண்ணீரைக் கண்டால் கரைகிற துகளோதான் தேறும். எய்ட்கன் எடுத்தது தொட்டில் குழந்தை வரை சேர்த்த மக்கள்தொகைக் கணக்கு. மேகத்துக்கு வேண்டியது வாக்காளர் பட்டியல்.

அந்தப் பட்டியலில் யார் யார் என்று கண்டவர்களில் முக்கியமானவர் ஸ்வீடன்காரர் ஹில்டிங் கோலர். 1920களில் நார்வேயின் வடகோடியில் ஹால்டே மலை உச்சியில் உட்கார்ந்து, மேகம் பாறைமேல் உறையவிட்ட பனியைச் சுரண்டி உருக்கிச் சோதித்தார். உப்பு இருந்தது. கடலலை உடைந்து தெறித்த உப்பு. மழைக்காலத்தில் உப்பு ஜாடி தானாகக் கசிவதைப் பார்த்து அலுத்துக்கொள்ளும் எந்த வீட்டுக்கும் இது புரியும்: உப்பு ஈரத்தைக் கூப்பிட்டு உட்காரவைக்கும், எழுந்து போக விடாது. வாத்தியார் தாம்சன் சொன்ன வளைவின் தொல்லையும் உப்பின் உபசாரமும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுவதைக் கோலர் ஒரே வளைகோட்டில் வரைந்து காட்டினார். மேகக்காரர்கள் இன்றும் அந்தக் கோட்டைத்தான் வரைகிறார்கள்.

வாக்காளரை மட்டும் எண்ணும் பெட்டிக்கு அப்புறமும் நாளானது. 1950, 60களில் அயர்லாந்திலிருந்து ஆஸ்திரேலியா போன ஷான் டூமி அந்த வேலையில் இறங்கினார். பம்பும் கிடையாது, அவசரமும் கிடையாது. மேலே ஒரு ஈரத் தகடு, கீழே ஒரு ஈரத் தகடு. மேல் தகடு கொஞ்சம் சூடு. நடுவில் நீராவி நிஜ மேகத்தில் இருக்கிற அளவே, அதாவது ஒரு சதவீதத்துக்கும் கீழே, மிகும். அந்த மிதமான சோதனையில் துளியாகிறவைதான் தகுதியுள்ளவை. நடுக்கடலில் கன சென்டிமீட்டருக்குச் சில பத்துகளிலிருந்து சில நூறு. தரையில் பல நூறு, ஆயிரம். லட்சமும் கோடியும் பேசிய எய்ட்கன் கணக்கு எங்கே, இது எங்கே!

தகுதியுள்ள துகள் அதிகமானால் மழை கொட்டும் என்று நினைப்போம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். தலைகீழ். இருக்கிற தண்ணீர் ஒன்றுதான். பங்காளிகள் பெருகினால் பங்கு சிறுக்கும். துளிகள் பொடியாகி, விழத் தெம்பில்லாமல் மிதக்கும், மேகம் இன்னும் வெள்ளையாகி வெயிலைத் திருப்பி அனுப்பும். பின்னதை டூமி 1974இல் எழுதியதால் அதற்கு டூமி விளைவு என்றே பெயர்.

இப்போது ராக்கிடம் திரும்பலாம். 1902இல் குவீன்ஸ்லாந்தில் கொடும் வறட்சி. ராக் சார்ல்வில் என்ற ஊரில் ஆறு பீரங்கிகளை வானம் பார்க்க நிறுத்தி, வெடித்தார். ஆஸ்திரியத் திராட்சைத் தோட்டக்காரர்கள் ஆலங்கட்டி மழையை விரட்ட வைத்திருந்த பீரங்கி அது. விரட்டுகிற பீரங்கியால் கூப்பிடப் பார்த்தார். மழை வரவில்லை. அதே குவீன்ஸ்லாந்தில் 1960களில் டூமியும் அவருடைய சகா வார்னரும் கரும்புத் தோட்டங்களுக்குத் தீ வைக்கும் புகைக்குள் பறந்து எண்ணினார்கள். புகையில் மேகத் துகள்கள் ஏகத்துக்கும் இருந்தன, மேகத் துளிகளும் பெருகின. கரும்புப் புகையால் கீழ்க்காற்றுப் பக்கம் மழை குறைகிறதோ என்று வார்னர் சந்தேகம் கிளப்பினார். பிறகு கூட்டிக் கழித்துப் பார்த்ததில் அந்தச் சந்தேகம் உறுதிப்படவில்லை. மழைக்கு வெடி வைத்தவருக்கும் மழை வரவில்லை, மழையைக் கெடுத்தோமோ என்று பயந்தவர்களுக்கும் சாட்சி கிடைக்கவில்லை. குவீன்ஸ்லாந்து மேகம் யாருக்கும் வளைந்து கொடுக்காது போல.

எய்ட்கனுக்கு 1917இல், 78 வயதில், லண்டன் ராயல் சொசைட்டி பதக்கம் கொடுத்தது. அறிவியல் இன்னொரு மரியாதையும் செய்தது. ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான பொடித் துகள்களுக்கு எய்ட்கன் துகள்கள் என்று பெயர். பெரும்பாலான மேகங்களில் துளியாகத் தேறாதவை இவைதான். தூசி இல்லாமல் மேகம் இல்லை என்று உலகத்துக்குச் சொன்னவரின் பெயரை, மேகம் ஆகாத தூசிக்கு வைத்திருக்கிறார்கள்.

எய்ட்கன் கருவி கடலுக்கும் போனது. கார்னெகி என்ற ஆய்வுக் கப்பல் 1928, 29இல் தன் கடைசிப் பயணத்தில் பெருங்கடல்களின்மேல் துகள் எண்ணிக்கொண்டே சென்றது. காந்தத்தில் ஒட்டாத மரத்தாலும் வெண்கலத்தாலும் கட்டிய பாய்மரக் கப்பல். 1929 நவம்பரில் சமோவா துறைமுகத்தில் பெட்ரோல் ஏற்றும்போது வெடித்து எரிந்தது, மாலுமித் தலைவரும் போய்விட்டார். இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

பாய்மரத்துக்கு இருந்த சௌகரியம் இன்றைய ஆய்வுக் கப்பல்களுக்கு இல்லை. நடுக்கடலின் சுத்தக் காற்றை எண்ணப் போகிற கப்பலுக்குச் சொந்தமாக ஒரு புகைபோக்கி இருக்கிறது. காற்று பின்னாலிருந்து அடித்தால் எண்ணிக்கை ஒரேயடியாக எகிறும். காற்றின் திசையைப் பார்த்துப் பார்த்து, தன் புகை கலந்த நேரத்துக் கணக்கையெல்லாம் அடித்துவிட வேண்டும். கடற்கரை அதிகாரி சொன்ன பொய் அங்கே தினமும் நிஜமாகிறது: உன் படகு என் கணக்கைக் கலைத்துவிட்டது. படகு அவர்களுடையதுதான் என்பதால், அபராதம் கேட்கத்தான் ஆள் கிடைப்பதில்லை.